இரண்டு கதவும் ஒன்றாகத் திறக்காத காரணம்

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருக்கும் சலவைக் கூடத்துக்கு நடுவே ஒரு சுவர் உண்டு. தரையிலிருந்து கூரை வரை போகும் சுவர். ஜன்னல் கிடையாது, நடைவழி கிடையாது. அந்தச் சுவருக்குள் ஆறு பெரிய சலவை மெஷின்கள், உடம்பு பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகப் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. வார்டுகளிலிருந்து வரும் ரத்தமும் சீழும் பட்ட துணியை அந்தப் பக்கத்துக் கதவு வழியாக ஏற்றுவார்கள். அது அழுக்குப் பக்கம். வெந்து, அலசிப் பிழிந்து முடிந்ததும் இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து எடுப்பார்கள். இது சுத்தப் பக்கம். ஒரு கதவு திறந்திருந்தால் மற்றது தானாகப் பூட்டிக்கொள்ளும். யானையைக் கட்டி இழுத்தாலும் வராது. கிருமி இந்தப் பக்கம் தாண்டக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் வாசல் வேறு, சாப்பிடும் அறை வேறு. அழுக்குப் பக்கத்தார் ஷிப்டு முடிந்ததும் குளித்துவிட்டுத்தான் தெருவில் கால் வைக்கலாம். பத்து வருஷம், இருபது வருஷம் வேலை பார்த்தும் எதிர்ப்பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்கள்தான் எல்லோரும்.

சுத்தப் பக்கத்தில் நாலாவது மெஷினுக்கு எதிரே பத்தொன்பது வருஷமாக நிற்கிறவளை நாலாம் நம்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பேர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிற நேரம் தவிர அதற்கு வேலை இல்லை. நாற்பத்தாறு வயது. ஷீட்டை உதறி, முனை பிடித்து, இரண்டு மடிப்பு, திரும்ப ஒரு மடிப்பு. நாலு முனையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். அவள் அடுக்கிய கட்டை வார்டு நர்ஸுகள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவள் புருஷன் அழுக்குப் பக்கத்தில் இருந்தார். அவரும் நாலாம் நம்பர் மெஷின்தான். அந்தப் பக்கத்து மேஸ்திரியைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. காலையில் ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள். கேட்டைத் தாண்டியதும் அவர் இடதுபுறம், அவள் வலதுபுறம். எட்டு மணி நேரம் ஒரே மெஷினின் இரண்டு வாயிலும் நிற்பார்கள். அவர் போட்டதை அவள் எடுப்பாள். முகம் பார்க்க முடியாது. "உலகத்துலயே சண்டை போடாத புருஷன் பொண்டாட்டி நாங்கதான். நடுவுல செவுரு கட்டிக் கொடுத்திருக்காங்கல்ல" என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

பதினொரு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறுந்த செருப்புக்குப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆறாம் நாள் அவள் வேலைக்கு வந்து அன்றைக்கு உள்ள ஷீட்டையெல்லாம் மடித்து அடுக்கிவிட்டுப் போனாள். பச்சை விளக்கு எரிந்தது, கதவைத் திறந்தாள், எடுத்தாள். நாலு முனையும் சரியாக உட்கார்ந்தது.

"கொஞ்சம் அழுதிருக்கலாம்" என்று ஐந்தாம் நம்பர் மெஷின்காரி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். இவளுக்குச் சிட்டு என்று பட்டப்பேர். ஆள் சின்னது, வாய் பெரியது. நாலாம் நம்பர் அக்காவுக்கு அது காதில் விழுந்தது. அழலாம்தான். யாரோ கொடுத்த ஒரு சாமானை எங்கே வைத்தோம் என்று அவளே மறந்துவிட்ட மாதிரி இருந்தது. தேடவும் தோன்றவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் நிர்வாகம் மாறியது. சுத்தப் பக்கத்துக்குக் கம்ப்யூட்டர் வைத்த மெஷின் வரப்போகிறது, அதனால் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் மட்டும்தான் இங்கே நிற்கலாம், மற்றவர்கள் அழுக்குப் பக்கம் போக வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நாலாம் நம்பர் அக்கா ஒன்பதோடு நின்றவள்.

"அந்தப் பக்கமும் வேலைதானேக்கா. அங்க மடிக்க வேண்டாம், இடுப்பு வலி கிடையாது" என்றார் மேற்பார்வையாளர். அவளைவிடப் பத்து வயது சின்னவர். "படிக்கிறதா இருந்தா மூணு மாசம் டைம் தரேன். அதுக்குள்ள பரீட்சைக்கு ஹால் டிக்கெட் காட்டணும்."

"படிக்கிறேன் சார்" என்றாள் அவள். வாய் சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது மட்டும் அவளுக்கு, கால் அடியில் முள் இருப்பது தெரிகிற மாதிரி, தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை.

பெரியவர்களுக்கான மாலை வகுப்பு, ஐந்தரை மணிக்கு ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொடும். பதினோரு பேர். ஒரு செக்யூரிட்டி, ஒரு பஸ் டிரைவர், ஒரு முடிவெட்டுகிறவர், ஆஸ்பத்திரியிலிருந்து இவள், இன்னும் சிலர். கணக்கு அவளுக்கு வந்தது. விஞ்ஞானம் பாதி வந்தது. மொழிப் பாடத்தில்தான் மாட்டிக்கொண்டாள்.

மொழிப் பாடம் எடுத்த டீச்சருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒருநாள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எல்லாரும் ஒரு தொன்மக் கதை எழுதணும். உலகத்துல ஏதாவது ஒண்ணு ஏன் இப்படி இருக்குன்னு சொல்ற கதை. மழை ஏன் பெய்யுது, நிலா ஏன் தேயுது, அந்த மாதிரி. ஆனா இதுவரைக்கும் யாரும் சொல்லாததா இருக்கணும்."

"பழைய கதையாவும் இருக்கணும், புதுசாவும் இருக்கணும்" என்றார் செக்யூரிட்டி. "செகண்ட் ஹேண்டு கல்யாணப் பொண்ணு மாதிரி இல்ல இருக்கு."

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள். "இதுக்கு இருபது மார்க். இது இல்லாம ஹால் டிக்கெட் தர மாட்டாங்க. ஒரே ஒரு ரூல்தான். கதையில யாருக்காவது ஏதாவது வேணும்னு இருக்கணும். அது கிடைக்கலாம், கிடைக்காமப் போகலாம். ஆனா வேணும்."

செக்யூரிட்டி, தூக்கம் ஏன் படுத்தால் வராமல் நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் வருகிறது என்று எழுதினார். முடிவெட்டுகிறவர், தலையில் முடி போனபிறகு காதில் ஏன் முளைக்கிறது என்று. தலையைவிட்டுத் துரத்தப்பட்ட முடிக்கு, நடந்ததை ஒட்டுக்கேட்க ஆசையாம். இரண்டு பேருக்கும் முதல் தடவையிலேயே நல்ல மார்க்.

நாலாம் நம்பர் அக்கா வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். தெரிந்ததைத்தானே எழுத முடியும். "ஒரு காலத்தில் இரண்டு ஊர்கள் இருந்தன. நடுவில் ஒரு சுவர் இருந்தது. சுவரில் ஒரு பெட்டி இருந்தது. அழுக்கு ஊர்க்காரர்கள் பெட்டியில் துணி போட்டார்கள். சுத்த ஊர்க்காரர்கள் எடுத்தார்கள். இப்படியே எல்லோரும் இருந்தார்கள்." அதோடு முடிந்தது.

நோட்டு திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது: "யாருக்கு என்ன வேண்டும்?"

இரண்டாம் தடவை அவள் ஒரு ஆளைச் சேர்த்தாள். அவனுக்குத் தாகம். தண்ணீர் கேட்டான். கொடுத்தார்கள். குடித்தான்.

"அக்கா" என்றாள் டீச்சர், வகுப்பு கலைந்த பிறகு. "குடிச்சிட்டானே. அப்புறம் கதை எங்க இருக்கு?"

"தாகம்னா குடிப்பான்ல?"

பையை மாட்டிக்கொண்டிருந்த பஸ் டிரைவர் குறுக்கே வந்தார். "ரொம்ப சுலபம்மா. அந்தப் பக்கம் ஒரு பையன், இந்தப் பக்கம் ஒரு பொண்ணு. ஒருநாள் ரெண்டு கதவும் ஒண்ணாத் தெறக்குது. பாத்துக்கிறாங்க. முடிஞ்சுது."

"ரெண்டும் தெறந்தா அந்த லோடு மொத்தத்தையும் மறுபடி துவைக்கணும்" என்றாள் அவள்.

"கதையிலதானேம்மா."

"கதைன்னாலும் துவைக்கத்தான் வேணும். நோயாளி படுக்கிற துணி."

டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். டீச்சர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கிறேன்க்கா. மூணாவது தடவையும் இப்படியே இருந்தா என்னால மார்க் போட முடியாது. மேல அனுப்பறப்ப என்னைக் கேப்பாங்க. யாருக்காவது ஏதாவது வேணும்னு ஒரு வரி போதும். நிஜமா வேணும்."

அது திங்கட்கிழமை.

மறுநாள் மதியம் டீ குடிக்கும்போது சிட்டுவிடம் கேட்டாள். "உனக்கு என்ன வேணும்?"

"எனக்கா? எங்க மாமியாருக்கு ஒருநாளாவது தொண்டை கட்டணும்" என்றாள் சிட்டு யோசிக்காமல். "ஏன், வாங்கித் தரப் போறியா?"

"கதைக்குடி."

"இதைப் போட்டுடாதே, அவங்களுக்குப் படிக்கத் தெரியும். உனக்கு என்ன வேணுமோ அதை எழுது."

"தெரியலையே."

"சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்" என்றாள் சிட்டு. சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாலாம் நம்பர் அக்காவுக்குக் கோபம் வரவில்லை. சரியாகத்தான் சொல்கிறாள் என்று டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

வீட்டில் மகளிடமும் கேட்டாள். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், இருபத்திரண்டு வயது. வந்ததும் பையைக் கட்டிலில் எறிந்துவிட்டுத் தரையில் கால் நீட்டி உட்காருவாள். அப்பாவின் வழக்கம் அது.

"உனக்கு என்னடி வேணும்?"

"சனிக்கிழமை லீவு வேணும்."

"அப்புறம்?"

மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீ ஒரு தடவை அழுதா நல்லாயிருக்கும்."

"சாப்பாடு ஆறுது. கை கழுவு."

"இதுக்குத்தான் நான் உன்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல" என்று மகள் எழுந்து போனாள். தட்டில் பரிமாறியது பரிமாறியபடி இருந்தது. நாலாம் நம்பர் அக்கா அதை மூடி வைத்தாள். மகள் கேட்டதும் தப்பில்லை, தான் சொன்னதும் தப்பில்லை என்று பட்டது. யார் பக்கமும் வருத்தம் வரவில்லை. நோட்டை எடுத்து "ஒருத்திக்கு" என்று எழுதி, அரை மணி நேரம் அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினாள்.

புதன்கிழமை காலையில் நாலாம் நம்பர் மெஷின் நின்றுவிட்டது. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. மெக்கானிக் வந்தார், பருத்த மனுஷர், மூச்சு வாங்கும். பூட்டுகள்தான் கோளாறு, இரண்டு கதவையும் ஒன்றாகத் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார். அதற்கென்று அவரிடம் ஒரு தனிச் சாவி உண்டு. மெஷின் காலி. மருந்து அடித்துத் துடைத்தாயிற்று. மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மெக்கானிக் சாவியைத் திருப்பியதும் முதலில் அந்தப் பக்கத்துக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு இந்தப் பக்கத்துக் கதவு இரண்டு விரல்கடை விலகியது. உள்ளே எப்போதும் இருட்டாக இருக்கும் தொட்டியில் வெளிச்சம் தெரிந்தது.

"ஆகா, இதுல்ல சினிமா" என்று சிட்டு ஓடிவந்தாள். வேலையைப் போட்டுவிட்டு இன்னும் மூன்று பேர் வந்தார்கள். பத்தொன்பது வருஷத்தில் யாரும் காணாத காட்சி. மெக்கானிக் கதவை அகலத் திறந்தார். "பாத்துக்கங்கம்மா, இனி எப்ப கிடைக்குமோ. நாலாம் நம்பர் அக்கா, உங்க மெஷின்தானே, நீங்க வாங்க முதல்ல."

அவள் அடுக்கிய கட்டை நேராக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"யாரோ நிக்கிறாங்க" என்றாள் சிட்டு, தலையை உள்ளே நீட்டி. "கால் தெரியுது. பூட்ஸு. குனியறாரு... அக்கா, வாயேன்—"

அடுத்து நடந்ததை அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியாகத்தான் சொன்னார்கள். நாலாம் நம்பர் அக்கா வந்தாள், சிட்டுவின் தோளைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள், கதவை இடுப்பால் மோதிச் சாத்தினாள். கூடம் முழுக்க அதிர்ந்தது. மெக்கானிக்கின் விரல் ஒரு நூல் இடைவெளியில் தப்பியது.

"என்னக்கா இது" என்று அவர் கையை உதறினார். "விரல் போயிருக்கும். என்ன ஆச்சு உங்களுக்கு?"

அவள் கதவின்மேல் சாய்ந்தபடி நின்றாள். "தெறக்கக் கூடாதுல்ல" என்றாள். "ரூல்."

"ரூலை எனக்கு நீ சொல்லாதேம்மா" என்று முணுமுணுத்தார். ஆனால் அவள் நகரவில்லை. கடைசியில் அவர் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்து வாசல் வழியாகப் போய், உடை மாற்றி, அங்கிருந்தே பூட்டைச் சரிசெய்தார். மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். சிட்டு அன்று முழுக்கத் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "தாடிக்காரன் ஒருத்தன்தான். இதுக்குப் போயி..." என்று ஒருதடவை சொல்ல ஆரம்பித்து, நாலாம் நம்பர் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அன்று வகுப்பு இல்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவி, நோட்டை எடுத்தாள். "ஒருத்திக்கு" என்ற சொல் அங்கேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். அடித்தல் திருத்தல் இல்லை. சமையலுக்கு நேரமாவது தெரிந்தும் எழுதினாள். மகள் வந்து, அம்மாவைப் பார்த்துவிட்டு, தானே அடுப்பைப் பற்றவைத்தாள்.

வெள்ளிக்கிழமை டீச்சர் அவளையே வாசிக்கச் சொன்னாள். சின்னப் பெஞ்சிலிருந்து எழுந்து, அடுக்கிய துணியைக் கணக்குச் சொல்கிற குரலில் வாசித்தாள்.

"முதல் முதலில் இரண்டு கதவுகளும் ஒன்றாகத்தான் திறந்தன. அழுக்கு ஊரும் சுத்த ஊரும் ஒன்றை ஒன்று பார்த்தன. அழுக்கு ஊரில் ஒருவன் இருந்தான். சுத்த ஊரில் ஒருத்தி இருந்தாள். அவன் போடுவான். அவள் எடுப்பாள். அவன் கையைப் பார்த்தே அவளுக்கு அவன் இன்றைக்குச் சாப்பிட்டானா இல்லையா என்று தெரியும்.

"ஒருநாள் காலையில் சுத்த ஊர்க்காரர்கள் வந்து, அவன் இனிமேல் வர மாட்டான் என்று சொன்னார்கள். அவள் சரி என்றாள். ஆனால் பெட்டியின் அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. யாரோ துணி ஏற்றினார்கள். கதவு திறக்கும் நேரம் வந்தது. திறந்தால் கை தெரியும். யார் கை என்று தெரிந்துவிடும்.

"அவளுக்கு ஒன்று வேண்டும். அந்தக் கையைப் பார்க்காமல் இருக்க வேண்டும். பார்க்காதவரை அது யார் கையாகவும் இருக்கலாம்.

"அதனால் அவள் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டாள். ஊரார் இழுத்தார்கள். கடவுள் வந்து கேட்டார். அவருக்கும் அவள் வழிவிடவில்லை. கடவுளுக்கு வேறு வேலை இருந்தது. சரி, அந்தக் கதவு திறக்கும்போது இது பூட்டிக்கொள்ளட்டும், இது திறக்கும்போது அது பூட்டிக்கொள்ளட்டும், நீ போய் உன் துணியை மடி என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இரண்டு கதவும் ஒன்றாகத் திறப்பதில்லை. கிருமிக்காக என்று சொல்வார்கள். அது பின்னால் வந்தவர்கள் சொன்னது."

நோட்டை மூடினாள். பெஞ்சில் உட்கார்ந்தாள்.

டீச்சர் மேஜையில் இல்லாத தூசியைத் தட்டினாள். முடிவெட்டுகிறவர் தொண்டையைச் செருமினார். செக்யூரிட்டிக்குத்தான் அடங்கவில்லை. "அப்ப அந்தப் பக்கம் நிஜமா யாரும்மா இருந்தது? அவன்தானா?"

"இல்ல" என்றாள் நாலாம் நம்பர் அக்கா. "வேற ஆளு."

சொன்ன பிறகு அவளுக்கே அது கேட்டது. பதினொரு மாதமாக எல்லோரும் அவளிடம் வெவ்வேறு விதமாகச் சொன்னதுதான். அவள் வாயால் இப்போதுதான் வந்தது. செக்யூரிட்டி தலையை ஆட்டி, "ஆமா, ஒரு ஆளு போனா இன்னொரு ஆளைப் போட்டுடுவாங்க. எங்க கம்பெனியிலயும் அப்படித்தான்" என்றார். அதோடு பேச்சு அடுத்தவர் கதைக்குப் போனது.

இருபதுக்குப் பதினாறு. "எழுத்துப் பிழை இருக்கு, அதுக்காகக் குறைச்சேன்" என்றாள் டீச்சர். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, "குடை எடுத்துட்டுப் போங்க, தூறுது" என்றாள்.

இரண்டு வாரத்தில் ஹால் டிக்கெட் வந்தது. மேற்பார்வையாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சுத்தப் பக்கப் பட்டியலில் அவள் பேரை எழுதினார். "நாலாம் நம்பர்லயே நில்லுங்க. சந்தோஷமாக்கா?"

"இருக்கும் சார்" என்றாள்.

வேண்டியது கிடைத்துவிட்டது. இந்தப் பக்கம் அவளுடையது. ஆனால் அன்று காலையில் பச்சை விளக்கு எரிந்து கதவைத் திறந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் தாடி வைத்த ஒருவன் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்கிறான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கதையில் வந்தவன் இனிமேல் வர மாட்டான் என்று அவள் தன் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறாள், வேற ஆளு என்று வாயாலும் சொல்லியாயிற்று, மார்க்கும் வாங்கியாயிற்று. இனி யார் கையாகவும் இருக்க வழியில்லை. அழுகை வருமோ என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை. ஷீட்டுகளை இழுத்தாள்.

எல்லாம் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வந்தன. பதினொரு மாதமாக இப்படித்தான். ஏற்றுகிறவன் ஒவ்வொரு ஷீட்டையும் உதறிப் போட்டால் முறுக்காது. அள்ளித் திணித்தால் முறுக்கும். அவள் புருஷன் உதறிப் போடுவார். இத்தனை நாளும் அவள் ஒன்றும் பேசாமல் முறுக்கைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். இப்போது அது எரிச்சலாக இருந்தது. எரிச்சல் வந்து ரொம்ப நாளாகிவிட்டிருந்தது. அது எரிச்சல்தான் என்று தெரிந்துகொள்ளவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்தப் பக்கத்தோடு பேசச் சுவரில் ஒரு போன் உண்டு. மெஷின் கெட்டால் மட்டும் எடுப்பார்கள். அதை எடுத்தாள்.

"நாலுல ஏத்துறது யாரு?"

"நான்தாங்க" என்றது ஒரு குரல். இளம் குரல், கொஞ்சம் சளி கட்டியது. "மெஷின் நின்னுடுச்சுங்களா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஷீட்டை ஒண்ணொண்ணா உதறிப் போடுங்க. எல்லாம் முறுக்கிக்கிட்டு வருது."

"இதுவரைக்கும் யாரும் சொல்லலீங்களே அக்கா."

"இப்ப சொல்றேன்ல."

"சரிக்கா."

ஐந்தாம் நம்பரில் சிட்டு மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

அடுத்த லோடும் முறுக்கிக்கொண்டுதான் வந்தது. நாலாம் நம்பர் அக்கா மறுபடியும் போனை எடுத்தாள்.